கற்க வேண்டியவர் யார்?

"தொழில் மாறுகின்றது, ஆகவே தொழிலாளி புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும்" என்னும் வாக்கியம் இக்காலத்தில் எத்திசையினின்றும் கேட்கின்றது. அமைச்சர்கள் சொல்லுகிறார்கள், முதலாளிகள் சொல்லுகிறார்கள், பத்திரிகைகள் எழுதுகின்றன, பெற்றோர் பிள்ளைகளுக்கு உபதேசிக்கின்றனர். செயற்கை நுண்ணறிவு என்னும் புதிய யந்திர வித்தை அலுவலகங்களிலும் ஆலைகளிலும் தோட்டங்களிலும் நுழைந்துவிட்டபடியால், இவ்வாக்கியம் இனிப் பெருகுமேயன்றிக் குறையப்போவதில்லை. கேட்ட மாத்திரத்தில் இது மறுக்கவொண்ணாத நல்லுரையாகத் தோன்றும். கல்வியை வேண்டாமென்பவர் யார்? ஆயினும் எந்த நல்லுரையையும், அதைச் சொல்லுகிறவர் யார், யாரைப் பார்த்துச் சொல்லுகிறார், சொல்லியபின் தாம் என்ன செய்கிறார் என்னும் மூன்று கேள்விகளைக் கேட்டபின்னரே ஏற்பது அறிவுடையோர் வழக்கம். அக்கேள்விகளையே இங்குக் கேட்க நினைக்கிறோம்.

கேட்பதற்கு நமக்குள்ள தகுதி சிறிதே. பேராக் மாநிலத்தில், முன்பு ரப்பர் நின்று இப்போது செம்பனை நிற்கும் ஒரு தோட்டத்திலே கிராணி வேலை பார்த்துப் பிழைப்பவர்களில் நாமும் ஒருவராவோம். எமது பாட்டனார் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பால்மரம் வெட்டியவர். எமது தந்தையார் எப்படியோ நாலெழுத்துக் கற்றுக் கிராணியானவர். எம்மை ஈப்போ நகரில் ஒரு தனியார் பள்ளிக்கு அனுப்பி ஆங்கில வழியிற் படிக்கவைத்தார். எனவே உளியைப் பிடித்த கை, பேனாவைப் பிடித்த கை, கணினிப் பலகையைத் தட்டும் கை ஆகிய மூன்றும் எமது குடும்பத்தில் மூன்று தலைமுறைக்குள் வந்துவிட்டன. இதை முன்னேற்றம் என்று நாம் நெடுநாள் பெருமை பேசியதுண்டு. அப்பெருமையிலே ஒரு குற்றமும் கலந்திருந்தது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

கிராணி என்பவர் துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே நிற்பவர். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்; செக்ரோல் புத்தகத்தில் வேலை நாளைக் குறிப்பார்; பால் நிறுத்து, விகிதம் பார்த்துக் கூலி கணக்கிடுவார். அவர் ஓர் எண்ணைத் தவறாக எழுதினால் ஒரு வீட்டில் அரிசி குறையும். இவ்வளவு அதிகாரம் ஒரு பேனாவில் இருந்தபடியால், பேனா பிடியாதவரை இழிவாக எண்ணுவது எங்கள் தொழிலின் பழைய நோய். "படிக்காத சனங்கள்" என்பதே கிராணிமார் வாயில் அடிக்கடி வரும் சொல். படிப்பு என்றால் ஏட்டுப் படிப்பு. அதிலும் ஆங்கிலப் படிப்பு. மற்றவை படிப்பல்ல என்பது எங்கள் சித்தாந்தம்.

இச்சித்தாந்தம் எவ்வளவு பொய் என்பதற்கு வேறெங்கும் போக வேண்டாம். எங்கள் மாநிலத்து வரலாறே போதும். கோலகங்சாரில் ஒரு பழைய ரப்பர் மரம் உண்டு. 1877-ஆம் ஆண்டில், பேராக்கில் ஆங்கிலேயர் ஆட்சிப் பிரதிநிதியாயிருந்த ஹியூ லோ நட்டவற்றுள் எஞ்சிய மரம் அது என்பர். பின்னாளில் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துத் தலைவர் ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் நாடோறும் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். மரமும் வந்தது, முறையும் வந்தது. ஆனால் மரத்தை வெட்டுகிறவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? தமிழ்நாட்டு வயற்காடுகளிலிருந்து வந்தார்கள். அதற்குமுன் அவர்கள் ஒரு ரப்பர் மரத்தைக் கண்ணாலும் கண்டதில்லை.

பால்மரம் வெட்டுவது எளிய காரியமன்று. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லியதோர் உயிர்ப்படலம் இருக்கின்றது. உளி அதனை நெருங்க வேண்டும், தீண்டலாகாது. நெருங்காவிடிற் பால் குறையும். தீண்டினாலோ மரம் புண்பட்டு, அவ்விடத்திற் பட்டை முடிச்சிட்டுக் கெடும். இருட்டிலே, தலையிற் கட்டிய விளக்கொளியில், நூற்றுக்கணக்கான மரங்களை ஒரு காலைப்பொழுதிற்குள் இவ்வளவு நுட்பமாகச் சீவ வேண்டும். ஏர் பிடித்த கைகள் இதனைச் சில மாதங்களிற் கற்றன. நாற்று நட்ட பெண்களும் கற்றனர். அவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்தவர் யாருமில்லை. இது மறுபயிற்சி அல்லாமல் வேறென்ன? பின்பு ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது, நெடுங்கழியில் அரிவாள் கட்டி, உயரத்திலுள்ள குலையைக் குறி தவறாமல் அறுக்கவும் அதே மக்களிற் பலர் கற்றுக்கொண்டனர். ஒரு வாழ்நாளில் இரண்டு முறை தொழில் மாறியவர்களைப் பார்த்து, "கற்கும் மனமில்லாதவர்கள்" என்று சொல்லிய நாம், பள்ளியில் ஒருமுறை கற்றதை வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்திருந்தோம்!

நிற்க. கற்கும் ஆற்றல் அவர்களிடம் இருந்ததென்றால், ரப்பர் வீழ்ந்தபோது அவர்களிற் பலர் ஏன் வீழ்ந்தார்கள் என்று கேட்கலாம். அதற்கு விடை கல்வியில் இல்லை, உடைமையில் இருக்கின்றது. 1957-இல் மலாயா விடுதலை பெற்றதையொட்டிய ஆண்டுகளில், வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். இதனைத் தோட்டத் துண்டாடல் என்பார்கள். மரம் வெட்டத் தெரிந்த கைகள் அப்படியே இருந்தன. வெட்டுவதற்கு மரம் இல்லாமற் போயிற்று. அவ்வேளையில், சுங்கை சிப்புட்டில் பிறந்தவரும் அமைச்சராயிருந்தவருமான வீ. தி. சம்பந்தன், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளி ஒருவர் மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தி, 100 வெள்ளிப் பங்கொன்றை வாங்கலாம் என்பது ஏற்பாடு. தோட்டம் தோட்டமாகச் சென்று அவர் இதை எடுத்துரைத்தார். அவ்வாறு சேர்ந்த பணத்தைக் கொண்டு கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பின்னும் பல தோட்டங்கள் வாங்கப்பட்டன.

இவ்வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளும் பாடம் ஒன்றுண்டு. அந்தத் தொழிலாளர்க்கு அன்று வந்த இடர், வேலை தெரியாமையால் வந்ததன்று. "வேறு தொழில் கற்றுக்கொள்ளுங்கள்" என்று மட்டும் ஒருவர் சொல்லியிருந்தால் அது வெற்றுரையாகவே போயிருக்கும். அவர்களுக்கு வேண்டியிருந்தது நிலத்தில் ஓர் உரிமை. அந்த உரிமைக்கு வழி காட்டப்பட்டபோது, அற்பக் கூலியிலிருந்தும் மாதம் 10 வெள்ளியை எடுத்துவைத்தார்கள். சோம்பேறிகள் என்று பேரெடுத்தவர்களா இதைச் செய்தார்கள்?

ஆனால் எல்லாத் தோட்டங்களுக்கும் அந்த வழி எட்டவில்லை. பிந்திய ஆண்டுகளில் ரப்பர் விலை தாழ்ந்தது, செம்பனை ஏறியது. செம்பனைக்கு ஏக்கருக்கு வேண்டிய ஆட்கள் குறைவு. நகரங்கள் பெருகியபோது சில தோட்டங்கள் வீட்டுமனைகளாயின. தோட்டத்தில் வேலை போனால் கூலி மட்டும் போவதில்லை. லயத்து வீடு தோட்டத்தினுடையது. ஆகவே வீடும் போகும். கோவில், தமிழ்ப்பள்ளி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகை, அடுத்த வீட்டுக் கடன், அவசரத்துக்கு ஓடிவரும் உறவு ஆகிய யாவும் ஒரே அறிவிப்புத் தாளினால் அற்றுப்போகும்.

அத்தகைய அறிவிப்புத் தாள்களை எமது தந்தையார் தம் கையாலே தட்டெழுதினார். அது 1999-ஆம் ஆண்டு; எமக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளி விடுமுறையில் அலுவலகத்து மூலையில் உட்கார்ந்து, அவர் தட்டச்சுப் பொறியின் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஒரு பெயருக்கு ஒரு தாள். நிர்வாகத்தார் இரக்கமற்றவர்களென்று சொல்லப்படாதிருக்கும் பொருட்டு, வேலை இழந்த பெண்களுக்கு மூன்று நாள் தையல் வகுப்பு ஒன்றும் வைத்தனர். ஆயக்கொட்டகையில் இரண்டு தையல் யந்திரங்கள். முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள். மூன்றாம் நாள் மாலை ஆளுக்கொரு சான்றிதழ், ஆளுக்கொரு குளிர்பானம், ஒரு புகைப்படம். இருபத்தைந்து ஆண்டுகள் பால்மரம் வெட்டிய ஒரு பெரியம்மா சான்றிதழை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, எமது தந்தையாரிடம் கேட்டார்: "கிராணி ஐயா, இந்தக் காகிதத்தை எந்தச் சுவரில் மாட்டுவது? சுவரையுந்தான் காலி செய்யச் சொல்லிவிட்டீர்களே!"

எமது தந்தையார் விடை கூறவில்லை. இரவு சாப்பிடும்போது அம்மாவிடம், "என்ன செய்வது, இவர்களெல்லாம் படிக்கவில்லையே" என்றார். அச்சொல் எமக்கு நியாயமாகவே பட்டது. படிக்காதது அவர்கள் குற்றம். வேலை போனது அதன் பலன். தையல் வகுப்பு நிர்வாகத்தின் தருமம். கணக்கு நேராகிவிட்டது. அவர் கெட்டவரல்லர், பல வீட்டுக்குத் துன்பகாலத்தில் அரிசி கொடுத்தவர். ஆயினும் அந்த ஒரு வாக்கியத்தால், பொறுப்பு முழுவதையும் பொறுப்பில்லாதவர் தலையில் ஏற்றி வைத்துவிட்டு, அவரும் நாமும் நிம்மதியாக உறங்கினோம். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அதே வாக்கியம் எமது மேசைக்கு வந்து சேர்ந்தது.

இப்போது எமது தோட்டத்தில் பெரட்டுக்குப் பெயர் கூப்பிடுவதில்லை. கைப்பேசி முகத்தைப் பார்த்து வரவைப் பதிந்துகொள்ளுகின்றது. மேலே பறக்கும் சிறு விமானம் மரங்களை எண்ணுகின்றது. குலையின் படத்தைக் காட்டினால், பழுத்ததா காயா என்று கருவி சொல்லுகின்றது. மாத இறுதியில் நாம் மூன்று நாள் உட்கார்ந்து எழுதிய விளைச்சல் அறிக்கையை, செயற்கை நுண்ணறிவு மூன்று நிமிடத்தில், எம்மினும் நல்ல ஆங்கிலத்தில், எழுதித் தந்துவிடுகின்றது. ஆங்கிலப் படிப்பே எமது முதலீடாயிருந்தது. அம்முதலீடு ஒரே நாளிற் செல்லாக்காசாயிற்று. கிராணிமார் நால்வர் இருந்த அலுவலகத்துக்கு இனி ஒருவர் போதும் என்று சொல்லப்பட்டது. "அஞ்ச வேண்டாம், உங்களுக்கு மறுபயிற்சி உண்டு" என்றார்கள். கணினி வழியாகச் சில மணிநேரப் பாடம்; வேலை நேரம் முடிந்தபின் வீட்டிலிருந்து படிக்க வேண்டியது; முடித்ததும் மின்னஞ்சலில் ஒரு சான்றிதழ். அதைத் திறந்து பார்த்த இரவில் எமக்கு அந்தப் பெரியம்மாவின் கேள்வி நினைவுக்கு வந்தது. எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்னமே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை, எமது சோற்றுக்கு ஆபத்து வந்தபின்னரே கேட்கிறோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளுகிறோம்.

இதனால் நாம் யந்திரத்தின் பகைவர்கள் என்று எவரும் எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் 1811-ஆம் ஆண்டு முதல் நாட்டிங்காம் பக்கத்து நெசவுத் தொழிலாளர் தறிகளை உடைத்தார்கள். 1812-இல் அதற்கு மரண தண்டனை விதிக்கச் சட்டம் கொண்டுவந்தார்கள். கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் தமது முதற்பேச்சிலேயே அச்சட்டத்தை எதிர்த்தார். ஆயினும் சட்டம் நிறைவேறியது. தறியும் நின்றுவிடவில்லை. யந்திரத்தை உடைப்பது பயன்தராது. அன்றியும், செம்பனைத் தோட்டத்தில் வெயிலிற் கழுத்து நோகக் குலை அறுப்பவனுக்கு, மலேசியச் செம்பனை வாரியம் உருவாக்கிய 'கந்தாஸ்' போன்ற விசை அரிவாள் உதவுமாயின் அதை வெறுப்பது அறிவீனம். முதுகொடியும் வேலையை யந்திரம் செய்வது நன்மையே. கேள்வி அதுவன்று. யந்திரத்தால் மிச்சமாகும் உழைப்பின் பலன் யாருக்கு, மாற்றத்தால் உண்டாகும் துன்பம் யாருக்கு என்பதே கேள்வி. பலன் ஒரு பக்கமும் துன்பம் மறுபக்கமும் போய்ச் சேர்ந்தால், நடுவில் ஒரு பயிற்சி வகுப்பை வைப்பதால் மட்டும் தராசு நேராகிவிடாது.

கிந்தாப் பள்ளத்தாக்கைப் பாருங்கள். ஈப்போ நகரம் ஈயத்தால் எழுந்த நகரம். 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தபோது இங்குள்ள ஈய லம்பங்கள் பல மூடப்பட்டன; அங்கு உழைத்தவர் வேலையின்றித் திகைத்தனர். பத்து காஜாவுக்கு அப்பால் தஞ்சோங் துவாலாங்கில், 1938-இல் கட்டப்பட்டு 1982 வரை உழைத்த ஈயந்தோண்டும் மிதவை யந்திரம் ஒன்றுண்டு. அதனைப் பழுதுபார்த்து, வண்ணம் பூசி, காட்சிப்பொருளாகக் காத்தார்கள். நல்ல காரியமே, நாமும் பிள்ளைகளோடு சென்று பார்த்திருக்கிறோம். ஆனால் உழைத்து ஓய்ந்த யந்திரத்துக்குக் கிடைத்த பராமரிப்பு, உழைத்து ஓய்ந்த மனிதர்க்குக் கிடைத்ததா என்று அங்கு நிற்கையில் எண்ணாதிருக்க முடியவில்லை.

இனி எமது முக்கியமான வாதத்துக்கு வருவோம். இப்புதிய யந்திரம் பழைய யந்திரங்களைப் போன்றதன்று. நெசவுத்தறி இரும்பால் ஆனது. செயற்கை நுண்ணறிவோ கற்பித்தலால் ஆனது. பழுத்த குலை எது, காய் எது என்று அதற்கு எப்படித் தெரிந்தது? பல்லாயிரம் படங்களை அதற்குக் காட்டி, ஒவ்வொன்றிலும் "இது பழம், இது காய்" என்று மனிதர் குறித்துக் கொடுத்தார்கள். அந்தத் தீர்ப்பு ஆண்டுக்கணக்கிற் குலை அறுத்தவர் கண்ணிலிருந்து வந்தது. எந்த நிலத்தில் எந்த மாதத்தில் எவ்வளவு விளையுமென்று அது கணிப்பது எதனைக் கொண்டு? எமது தந்தையாரும் எம்மைப் போன்றவர்களும் நாடோறும் எழுதிய கணக்கைக் கொண்டு. அறிக்கை எழுத அது எங்கே கற்றது? உலகெங்கும் முகந்தெரியாத எழுத்தர்கள் எழுதியவற்றிலிருந்து கற்றது. அங்ஙனமாயின் இந்த யந்திரம் மாணவன், தொழிலாளியே ஆசிரியர்!

ஏகலைவன் கதையை நாம் அறிவோம். கற்பிக்காத குரு, கற்ற மாணவனிடம் கட்டைவிரலைக் காணிக்கையாகக் கேட்டார் என்பது கதை. அதனை அநீதி என்று பகுத்தறிவுள்ளோர் எத்தனையோ முறை கண்டித்திருக்கிறார்கள். இன்று நடப்பதோ அதனினும் விந்தை. மாணவன் கற்று முடித்துவிட்டு, கற்பித்தவனுடைய விரலை வாங்கிக்கொள்ளுகின்றான். பின்பு விரலிழந்த ஆசிரியனைப் பார்த்து, "நீ போய் ஏதாவது கற்றுக்கொள்" என்கின்றான். தொழிலாளிக்குப் பயிற்சி கொடுப்பது தருமம் என்று பேசுகின்றவர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும். தருமம் என்பது கடன்படாதவர் மனமிரங்கிக் கொடுப்பது. தொழிலாளியின் அறிவைக் கொண்டே யந்திரத்தைத் தேற்றி இலாபம் காண்பவர் கடன்பட்டவர். கடனைத் திருப்பித் தருவதற்குத் தருமம் என்று பெயரிடலாகாது.

இக்கடனை நமது நாட்டுச் சட்டம் அறவே மறந்துவிட்டது என்று சொல்லமாட்டோம். 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவரை ஆட்குறைப்பில் நீக்கினால், ஆண்டொன்றுக்கு 20 நாள் கூலி கொடுக்க வேண்டும். 20 ஆண்டு உழைத்தவருக்கு 400 நாள் கூலி, அவ்வளவே. 1992-ஆம் ஆண்டு மனிதவள மேம்பாட்டுச் சட்டத்தின் வழியாக, முதலாளிகள் சம்பளத் தொகையில் 1 விழுக்காட்டைப் பயிற்சி நிதியாகச் செலுத்தும் ஏற்பாடு பிறந்தது. 2018 முதல் நடந்துவரும் வேலைக் காப்புறுதித் திட்டத்தில், முதலாளியும் தொழிலாளியும் ஆளுக்கு 0.2 விழுக்காடு செலுத்துகின்றனர். வேலை இழந்தவர்க்குச் சில மாதம் உதவித்தொகையும் பயிற்சிக் கட்டணமும் அதிலிருந்து கிடைக்கின்றன. 2024 தொடக்கத்தில் அரசாங்கம், செயற்கை நுண்ணறிவைப் பொதுமக்கள் இலவசமாகக் கற்கும் பாடத்தைத் தொடங்கித் தமிழிலும் கிடைக்கச் செய்தது. அதே ஆண்டு நவம்பரில் வெளிவந்த அரசு சார்ந்த ஆய்வொன்று, 10 துறைகளில் ஏறக்குறைய 620,000 வேலைகள், அதாவது 18 விழுக்காடு, சில ஆண்டுகளுக்குள் பெரிதும் மாற்றமடையுமென்று மதிப்பிட்டது. இவை யாவும் பாராட்டத்தக்கனவே. ஆனால் விதை தூவுவது வேறு; நிலத்தைப் பண்படுத்துவது வேறு.

இச்சட்டங்களில் நாம் காணும் பெரிய குறை ஒன்றுண்டு. இன்று செம்பனைக் குலையை அறுப்பவர் யார்? பெரும்பாலும் தமிழரல்லர். லொம்போக் தீவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் கடன் வாங்கி வந்த ஏழைகள். வேலைக் காப்புறுதி அவர்களுக்கில்லை. பயிற்சி நிதிக்குரிய கணக்கிலும் அவர்கள் சேரார். நமது பாட்டன்மார் குடியுரிமையற்ற கூலிகளாகக் கப்பலேறி வந்தபோது, அவர்களுக்கு நேர்ந்ததை எண்ணிக் கண்ணீர் விடுகிறோம். அதே லயத்தில் இன்று குடியிருப்பவனுக்கு அதே கதி நேரும்போது, "அவன் அந்நியன்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வோமாகில், நமது கண்ணீர் இனப்பற்றாக இருக்கலாம், நீதியாகாது. யந்திரத்துக்குக் குலையின் பக்குவத்தைக் கற்பித்த கண்களில் அவனுடைய கண்களும் உண்டு.

பிற நாடுகள் என்ன செய்கின்றன என்று பார்ப்பதும் நலம். சுவீடனில் 1974-இல், முதலாளிமார் சங்கமும் அலுவலர் சங்கங்களும் உடன்படிக்கை செய்து, ஆட்குறைப்பில் வேலை இழந்தவர்க்கு வேறு வேலை தேடித்தரும் மன்றம் ஒன்றை நிறுவின. செலவு முதலாளிமார் செலுத்தும் நிதியிலிருந்து. அண்டை நாடான சிங்கப்பூர், 40 வயதைக் கடந்தவர் முழுநேரப் பயிற்சிக்குச் சென்றால், அவர் முன்பு பெற்ற சராசரி வருமானத்திற் பாதியை, மாதம் 3,000 வெள்ளி வரை, மொத்தம் 24 மாதங்களுக்குக் கொடுக்கும் திட்டத்தை 2025-இல் நடைமுறைப்படுத்தியது. இவற்றிலும் குறைகள் இருக்கும். ஆயினும் ஓர் உண்மையை அந்நாடுகள் ஏற்றுக்கொண்டுள்ளன: கற்கின்றவனுக்கும் வயிறு உண்டு, அவன் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும்.

"தொழிலாளிக்குக் கடமையே இல்லையா? எல்லாம் பிறர் கடமைதானா?" என்று சிலர் வினவக்கூடும். உண்டு. வாய்ப்புக் கொடுக்கப்பட்டபின் சோம்பியிருப்பவரை நாம் ஆதரிக்கவில்லை. கற்பது மனிதனின் சுயமரியாதையைச் சேர்ந்தது. நாளைக்கு வேலை தராது என்றாலும் கற்கத்தக்கது கற்கத்தக்கதே. எம்மைப் பொறுத்தவரை, அந்தச் சில மணிநேரப் பாடத்தோடு நில்லாமல், இவ்வித்தையை மேலும் கற்றுக்கொண்டுதான் வருகிறோம். சில இரவுகளில் அது இன்பமாகவும் இருக்கின்றது. ஆனால் கடமை என்பது ஆற்றலுக்கும் வசதிக்கும் உட்பட்டது. நீந்தத் தெரிந்துகொள்வது நல்லது என்பதற்காக, ஒருவனை ஆற்றில் தள்ளிவிட்டுக் கரையில் நின்று "நீந்தக் கற்றுக்கொள்" என்பவரை ஆசிரியர் என்று யாரும் அழைக்கமாட்டார்கள்.

ஆகவே "கற்றுக்கொள்" என்று பிறருக்குச் சொல்ல விரும்புகிறவர் எவராயினும், அவர் முதலில் நான்கு காரியங்களுக்கு உடன்பட வேண்டுமென்பது எமது அபிப்பிராயம். முதலாவது, பயிற்சி கூலியுள்ள வேலை நேரத்தில் நடைபெற வேண்டும். உழைத்துக் களைத்தவன் உறக்கத்தைத் திருடி நடத்தலாகாது. இரண்டாவது, பயிற்சியின் முடிவில் எந்த வேலை, என்ன சம்பளம் என்பது முன்னதாகவே சொல்லப்பட வேண்டும். இல்லையேல் அது தையல் வகுப்பாகவே முடியும். மூன்றாவது, யந்திரத்தால் மிச்சமாவதில் ஒரு பங்கு, அதற்கு அறிவைக் கொடுத்தவர்களுக்குச் சேர வேண்டும். மாற்றம் முடியும்வரை அவர்கள் குடியிருக்கும் வீடு பறிக்கப்படலாகாது. நான்காவது, எந்த வேலை யந்திரத்துக்குப் போக வேண்டும், எது மனிதனிடம் இருக்க வேண்டும் என்பதை முடிவுசெய்யுமிடத்தில், அந்த வேலையைச் செய்கின்றவர் உட்கார இடம் வேண்டும். இந்நான்கும் உள்நாட்டார், வெளிநாட்டார் என்ற பேதமின்றி நடக்க வேண்டும். இவற்றுக்கு உடன்படாமற் சொல்லப்படும் "கற்றுக்கொள்" என்னும் சொல்லுக்கு, "போய்விடு" என்பதே பொருள்.

எமது தோழர்களாகிய கிராணிமாருக்கும், அலுவலக எழுத்தர்க்கும், வங்கிக் கணக்கர்க்கும் ஒரு வார்த்தை. இதுவரை நாம் துரையின் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தபடியால், நாம் வேறு, மரம் வெட்டுகிறவர் வேறு என்று எண்ணியிருந்தோம். யந்திரம் அந்த எண்ணத்தைக் கலைத்துவிட்டது. அதற்கு உளியும் ஒன்று, பேனாவும் ஒன்று. இந்த ஒரு பாடத்தையேனும் நாம் உடனே கற்றுக்கொள்ள வேண்டும். எங்கள் அலுவலகத்தில் எஞ்சப்போகும் அந்த ஒரு நாற்காலிக்காக நால்வரும் தனித்தனியே துரையின் கதவைத் தட்டுவதா, அல்லது வெளியே குலை அறுப்பவரையும் சேர்த்துக்கொண்டு ஒரே விண்ணப்பமாக மேற்சொன்ன நான்கையும் கேட்பதா என்று இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம். நால்வரில் இருவர் கையெழுத்திட்டுள்ளோம். மற்ற இருவர் யோசிக்கின்றனர், அவர்களுக்குப் பிள்ளைகள் உண்டு, நாம் குறைகூறோம்.

கற்க வேண்டியவர் யார் என்று தலைப்பிட்டோம். தொழிலாளி கற்கிறார், எப்போதும் கற்றே வந்திருக்கிறார். அவர் கற்றதற்கெல்லாம் விலை கொடுக்க இன்னும் கல்லாதவர் முதலாளி. அதனைக் கண்முன்னே கண்டும் கணக்கில் எழுதக் கல்லாதவர் கிராணி. அந்தப் பெரியம்மா இன்று எங்கிருக்கிறாரோ அறியோம். ஈப்போவின் புறநகர் அடுக்குமாடியில் மகனோடு இருப்பதாகச் சிலர் சொன்னார்கள். கண்டால், எந்தச் சுவரில் மாட்டுவது என்ற கேள்விக்கு எமது தந்தையார் கொடுக்காத விடையை நாமும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். ஆயினும் அது நியாயமான கேள்வி என்றாவது சொல்லுவோம்.